பழைய தொப்பி சேகரிக்க விரும்பும் தேனிக்காரருக்குச் சில யோசனைகள்

தேனி மாவட்டத்தில் ஆம்பளைகள் தொப்பி போடுவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வெயிலுக்குத் துண்டு, மலைச் சாரலுக்குச் சாக்கு மடித்த கொங்காணி, மார்கழிக்கு மப்ளர், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் உருமா என்று தலைக்கு ஏற்கெனவே நான்கு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஐந்தாவதாக ஒன்று வந்து உட்கார இடமில்லை. இந்த ஊரில் போய்ப் பழைய தொப்பி சேகரிப்பதா என்று நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். யாரும் போடாத ஊரில்தான் தொப்பி நல்ல நிலையில் கிடைக்கும். லண்டனில் சேகரிப்பவர் அடுத்தவர் வியர்வையைக் காசு கொடுத்து வாங்குகிறார். கூடலூரில் குலுக்கைக்குப் பின்னால் எழுபது வருடம் தூங்கிய தொப்பியில் எலிப் புழுக்கையைத் தவிர வேறு குறை இருக்காது.

இந்தப் பள்ளத்தாக்குக்குத் தொப்பி வந்த வழி ஒன்றுதான். மேலேயிருந்து வந்தது. மலைமேலிருந்து வந்தது, இல்லையென்றால் மேலிடத்திலிருந்து வந்தது. ஏலத்தோட்டத்துத் துரை, ஹைவேவிஸ் தேயிலைத் தோட்டத்துத் துரை, பெரியாற்று அணை கட்ட வந்த என்ஜினீயர், கால்வாய் ஓவர்சீயர், போடி ரயிலின் கார்டு, போலீஸ்காரர், கடைசியாகக் கட்சி. தொப்பி வைத்தவர் உத்தரவு போட்டார். துண்டு வைத்தவர் கேட்டுக்கொண்டார். இதை மனதில் இருத்திக்கொண்டால் பாதிச் சேகரிப்பு முடிந்துவிட்டது. மீதிப் பாதிக்கு ஓர் இஞ்ச் டேப், ஒரு பூதக்கண்ணாடி, பெண்டாட்டியின் சம்மதம்.

எங்கே தேடுவது

பழைய சாமான் கடைக்குப் போகாதீர்கள். அங்கே இருப்பவர் உங்களுக்கு முன்பே யூடியூப் பார்த்துவிட்டார். பித்தளைச் சொம்பையே ‘ஆன்டிக்’ என்கிற மனிதரிடம் தொப்பியைப் பற்றிப் பேச்செடுத்தால் வீட்டுப் பத்திரம் எங்கே என்று கேட்பார்.

கட்டிமுடியாத வீடுகளைப் பாருங்கள். உத்தமபாளையத்திலிருந்து கம்பம் வரை ரோட்டோரம் புதுக்கட்டடம் எழும்பும் இடமெல்லாம் மாடியில் ஒரு திருஷ்டி பொம்மை தொங்கும். பழைய பேண்ட், கிழிந்த சட்டை, வைக்கோல் வயிறு, சட்டி முகம், அதன்மேல் ஒரு தொப்பி. ஊரில் உயிரோடு இருக்கும் எவரும் போட மறுத்த தொப்பி கடைசியாக வந்து சேரும் தலை இதுதான். திராட்சைப் பந்தலுக்குள் குருவி விரட்ட நிற்கிற பொம்மையையும் விடாதீர்கள். வீட்டுக்காரரிடம் தொப்பியை மட்டும் கேட்டால் கொடுக்க மாட்டார், திருஷ்டி அவர் வீட்டுக்குள் இறங்கிவிடும். பதிலுக்கு நல்லதாக ஒரு பிளாஸ்டிக் தொப்பி வாங்கிக்கொண்டு போய், செவ்வாய், வெள்ளி தவிர்த்து மற்ற நாளில் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது மாறுவேடப் போட்டிக்கு உடை வாடகைக்கு விடும் கடை. பாரதி முண்டாசு, நேரு குல்லாய், நேதாஜி தொப்பி, எம்.ஜி.ஆர். தொப்பி, போலீஸ் தொப்பி என்று இந்திய வரலாறு முழுவதும் ஒரே ஆணியில் மாட்டியிருக்கும். பெரும்பாலும் புதுச் சரக்குதான். ஆனாலும் அடியில் கையை விட்டுப் பாருங்கள். ரிட்டயர்டு ஆன யாரோ ஒருவரின் நிஜத் தொப்பியை அவர் மகன் சும்மா கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அது ஒன்றாம் வகுப்புப் பையன் தலையில் மூக்குவரை இறங்கி, ஆண்டு விழாவில் இரண்டாம் பரிசு வாங்கியிருக்கும்.

வீடுகளில் என்றால் பரண். பரணில் ஏறும்போது தொப்பி என்று சொல்லாதீர்கள். “அந்தக் காலத்துப் போட்டோ ஏதாவது இருக்கா அப்பத்தா?” என்று கேளுங்கள். போட்டோ தேடும்போது தொப்பி தானாக விழும். தொப்பி கேட்டால் இரண்டும் விழாது.

எல்லாம் பென்னிகுவிக் தொப்பிதான்

இந்தப் பக்கம் கிடைக்கும் எந்தப் பழைய தொப்பியும் பெரியாற்று அணை கட்டிய என்ஜினீயர் பென்னிகுவிக் போட்டதுதான். “எங்க தாத்தா அவருகிட்ட வேல பாத்தாரு தம்பி. போகையில அவரே கழட்டிக் குடுத்தது” என்பார்கள். இதை மறுக்கும் தைரியம் உங்களுக்கு வேண்டாம். ஜனவரி 15 அவர் பிறந்த நாள். பொங்கலோடு சேர்ந்து வருவதால் பாலார்பட்டியில் அவர் படத்துக்கு முன்னால் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013 முதல் மணிமண்டபம் இருக்கிறது. தேனிப் பேருந்து நிலையத்துக்கே அவர் பெயர். அணைக்காகச் சொந்தச் சொத்தை விற்றார் என்பது பள்ளத்தாக்கின் நம்பிக்கை. ஆவணம் எங்கே என்று கேட்கிற ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் கம்பத்தில் குடியிருக்கவில்லை.

“அப்படியாண்ணே!” என்று சொல்லிவிட்டுத் தொப்பியைத் திருப்பிப் பாருங்கள். கணக்கு இதுதான். ஜான் பென்னிகுவிக் 1841-இல் புனேயில் பிறந்தவர். அணை வேலை 1887-இல் தொடங்கியது. 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். 1896-இல் பென்னிகுவிக் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்ஜினீயரிங் கல்லூரிக்குத் தலைவராகிவிட்டார். 1911-இல் கேம்பர்லியில் இறந்தார். ஆகவே அவர் தொப்பி என்றால் அது 1896-க்கு முந்தையதாக இருக்க வேண்டும். சுற்றிலும் அகலமான விளிம்போடு, பின்பக்கம் பிடரிவரை சரிந்து இறங்கும் வுல்ஸ்லி மாதிரித் தொப்பியை வைத்துக்கொண்டு சத்தியம் செய்கிறார்களா? அந்த மாதிரி பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளுக்கு வந்ததே 1899 வாக்கில்தான். உச்சி தட்டையாக, ‘பாம்பே பௌலர்’ என்ற வகையாக இருந்தால் அது இன்னும் பிந்தியது. 20-ஆம் நூற்றாண்டின் கலெக்டர்களும் தோட்டத் துரைகளும் போட்டது. அதைப் பென்னிகுவிக்கிடம் வாங்கிய தாத்தா கனவில்தான் வாங்கியிருக்க வேண்டும்.

தொப்பி எதனால் ஆனது என்பதைப் பார்ப்பது அதைவிட முக்கியம். நிஜமான சோலாத் தொப்பி நெட்டியால் ஆனது. தஞ்சாவூரில் பெரிய கோயிலும் தாஜ்மகாலும் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கிறார்களே, அதே நெட்டிதான். நீர்நிலையில் வளரும் செடியின் தண்டுக்குள் இருக்கும் வெள்ளைச் சோற்றைத் தகடு தகடாகச் சீவி, அச்சின்மேல் ஒட்டி, மேலே துணி போர்த்திச் செய்வார்கள். கையில் எடுத்தால் எடையே தெரியாது. கட்டைவிரலால் லேசாக அமுக்கினால் கொடுத்து வாங்கும். விளிம்பின் அடியில் கண் கூசாமலிருக்கப் பெரும்பாலும் பச்சைத் துணி இருக்கும். தட்டும்போது அட்டைப்பெட்டிச் சத்தம் வந்தால் அது குமுளியில் சுற்றுலாப் பயணிக்காகப் பிறந்தது. நெட்டிக்கு ஒரே ஒரு எதிரி மழை. கம்பத்து வெயிலுக்குச் சரியாக இருந்த தொப்பி பெரியாற்று மழையில் ஊறினால் பெருத்து, கூழாகிவிடும். அணை கட்டிய இடத்தில் அடித்த மழையையும் வெள்ளத்தையும் யோசித்துப் பார்த்தால், அங்கே தலையில் இருந்த நெட்டித் தொப்பி ஒன்று நூற்று முப்பது வருடம் கழித்து உங்கள் கைக்கு முழுசாக வருவது அணை நிற்பதைவிடப் பெரிய அதிசயம்.

இந்தத் தொப்பி ஏன் பிறந்தது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லலாம். இந்தியச் சூரியன் நேரே தலையில் பட்டால் வெள்ளைக்காரர் மூளைக்கு ஆபத்து என்று அந்தக் காலத்து டாக்டர்கள் உறுதியாக நம்பினார்கள். சாயங்காலம்கூட தொப்பியில்லாமல் வெளியே போகாதே என்று துரைமார் பிள்ளைகளை அதட்டினார்கள். அதே வெயிலில் கல் சுமந்தவர் மூளை என்ன ஆகும் என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் தலைமேல் சும்மாடும், சும்மாட்டின்மேல் சுண்ணாம்புச் சுர்க்கிச் சட்டியும் இருந்ததால் வெயில் படாது என்று விட்டுவிட்டார்கள் போலும். இரண்டாம் உலகப்போரில் சிப்பாய்கள் சோலாத் தொப்பியைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரிந்தார்கள். யாருக்கும் மூளை உருகவில்லை. அத்தோடு அந்தத் தொப்பியின் வைத்தியக் காரணம் முடிந்தது. மிச்சமிருந்தது அதிகாரக் காரணம்தான். அது மெதுவாகத்தான் கழன்றது.

துண்டை வைத்துத் தேதி குறிப்பது

தொப்பியின் வயதைத் தொப்பியிடம் கேட்பது வெளிநாட்டு முறை. நம் முறை வேறு. தொப்பியோடு ஒரு பழைய குரூப் போட்டோ கிடைத்தால், தொப்பிக்காரரைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் நிற்பவரின் துண்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

துண்டு இடுப்பில் கட்டியிருந்தால், அல்லது கக்கத்தில் இடுக்கியிருந்தால், தொப்பி உச்சத்தில் இருந்த காலம். துண்டு தோளுக்கு ஏறியிருந்தால் கொஞ்சம் பிந்திய படம். 1925-க்குப் பிறகு சுயமரியாதைக்காரர்கள் ஊர் ஊராகப் போய் இறங்கிய துண்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். துண்டு முண்டாசாகத் தலையிலேயே இருந்து, ஆளும் காலைச் சற்று அகட்டி நின்றிருந்தால் 1947-க்குப் பிந்தியது. இல்லையென்றால் எதிரே தொப்பிக்காரர் இருப்பதை அவர் கவனிக்கவில்லை. துண்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, தொப்பிக்காரர் பின்னால் விறைப்பாக நிற்கிறாரா? உட்கார்ந்திருப்பவர் எம்.எல்.ஏ., நிற்பவர் போலீஸ்காரர். படம் பெரும்பாலும் 1967-க்குப் பிந்தியது.

தொப்பிக்காக மட்டும்தான் துண்டு இறங்கியது என்று நினைத்துவிடாதீர்கள். வாழ்நாளில் தொப்பியே பார்க்காத பெரிய வீட்டுத் திண்ணைக்கு முன்னாலும் சில தெருக்காரர்களின் துண்டு கக்கத்துக்குப் போயிற்று. அந்தப் போட்டோவுக்குத் தேதி குறிக்க இந்த வழிகாட்டி உதவாது. எந்தத் தெரு என்று கேட்க வேண்டியிருக்கும். கேட்டால் டீ வராது.

லேபிள், எழுத்து, இத்யாதி

உள்பட்டையைப் புரட்டுங்கள். வியர்வை தொடும் தோல்பட்டை, அதன் பின்பக்கம் ஒரு குட்டி ரிப்பன் முடிச்சு, உச்சியில் கம்பெனி முத்திரை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘1773’ என்று தங்க எழுத்தில் இருந்ததும் கட்டபொம்மன் காலத்துச் சரக்கு என்று குதிப்பார்கள். அது லண்டனின் கிறிஸ்டிஸ் கம்பெனி தொடங்கிய வருடம். ‘1676’ என்றால் லாக் கம்பெனி, ‘1857’ என்றால் இத்தாலியின் பொர்சலினோ, ‘1865’ என்றால் அமெரிக்காவின் ஸ்டெட்சன். நம் ஜவுளிக்கடைப் பையில் கடை தொடங்கிய வருடத்தைப் போட்டிருப்பார்கள், அதற்காக உள்ளே இருக்கும் வேட்டி அந்த வருடத்து வேட்டியா?

அளவு எண்ணும் ஊர் சொல்லும். தலைச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, பள்ளிக்கூடத்தில் படித்த 22/7-ஆல் வகுங்கள். படித்ததற்கு முதல்முறையாக ஒரு பயன். 57 செ.மீ. தலைக்கு விடை 7⅛ சொச்சம் வரும். அமெரிக்கத் தொப்பியில் 7⅛ என்றே போட்டிருப்பார்கள். அதே தலைக்கு இங்கிலாந்துத் தொப்பியில் 7 என்றிருக்கும். ‘57’ என்று மட்டும் இருந்தால் ஐரோப்பாச் சரக்கு, அல்லது விலை.

இந்தியாவில் தைத்த தொப்பி என்றால் வேலை இன்னும் எளிது. விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன்பு. ‘நயா பைசா’ என்றால் 1957-க்கும் 1964-க்கும் நடுவே. கடை முகவரியில் ‘மெட்ராஸ்-2’ என்று மட்டும் இருந்தால் பழசாக இருக்க வாய்ப்புண்டு. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு. ‘சென்னை’ என்று ஆங்கில எழுத்தில் அச்சாகியிருந்தால் 1996 அல்லது அதற்கும் பிறகு. ஜி.எஸ்.டி. எண் இருந்தால் 2017 ஜூலைக்குப் பிறகு. அணை கட்டிய காலத்துத் தொப்பியில் பின்கோடு இருந்தால் பென்னிகுவிக்குக்கு எதிர்காலமும் தெரிந்திருக்கிறது என்று பொருள். அதற்கும் சேர்த்துப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

ரயில்வேத் தொப்பிக்குப் பித்தளை வில்லைதான் ஜாதகம். மதுரை–போடி பாதை 1928-இல் வந்தது. சவுத் இந்தியன் ரயில்வே 1951 ஏப்ரல் 14-இல் சதர்ன் ரயில்வேயில் கலந்தது. வில்லையில் நடுவே ‘ஐ’ இருந்தால் அந்தத் தேதிக்கு முன். 2010 கடைசியில் மீட்டர் கேஜ் நின்று, 2023 ஜூனில் அகலப் பாதையில் போடிக்கு ரயில் திரும்பும்வரை அங்கே கார்டு தொப்பிக்கே வேலை இல்லை. அந்த இடைவெளியைச் சேர்ந்தது என்று யாராவது ஒன்றை விற்றால் வாங்காதீர்கள்.

கம்பம், உத்தமபாளையம் ராவுத்தர் வீடுகள் சிலவற்றில் சிவப்புத் துருக்கித் தொப்பி, குஞ்சம் சரியாமல், பெட்டிக்குள் இருக்கலாம். உள்ளே ‘ஆஸ்திரியா’ என்று முத்திரை இருந்தால் துள்ளிக் குதியுங்கள், மனதுக்குள். உலகத்துக்கே இந்தத் தொப்பி செய்துகொடுத்த ஸ்ட்ராகோனிட்ஸ் ஊர் 1918 வரைதான் ஆஸ்திரியாவில் இருந்தது. பிறகு செக்கோஸ்லோவாக்கியா ஆகிவிட்டது. 1925-இல் துருக்கியே சட்டம் போட்டு இந்தத் தொப்பியைத் தடை செய்தது. இங்கே யாரும் கழற்றவில்லை. இதற்கு மட்டும் விலை கேட்காதீர்கள். பாட்டனார் தலையில் இருந்தது. தேதியைச் சொல்லிவிட்டு, கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

காந்தி குல்லாய் சுலபம். “1934-ல காந்தி வந்தப்ப தலையிலருந்து எடுத்து எங்க பெரியப்பாவுக்கு வச்சு விட்டாரு” என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு நகருங்கள். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் சட்டையோடு சேர்த்துக் குல்லாயையும் விட்டவர் அவர். அதற்குப் பிறகு அவர் தலையிலிருந்து எடுத்துக் கொடுக்க முடி கூடக் கிடையாது.

கட்சித் தொப்பி

எல்லாரும் அலட்சியப்படுத்தும் இந்தப் பிரிவில்தான் நம் மாவட்டம் உலகத்தரத்தில் இருக்கிறது. என் அபிப்பிராயம், புதிதாகத் தொடங்குபவர் துரை தொப்பிகளை விட்டுவிட்டு நேரே இதற்கு வந்துவிடலாம்.

எம்.ஜி.ஆரின் வெள்ளைத் தொப்பியில் தொடங்குவோம். ஆண்டிபட்டிப் பக்கம் ஒருவர், “1984 எலெக்‌ஷனுக்கு ஓட்டுக் கேக்க வந்தப்ப தலைவரு வேன்லருந்து வீசுனாரு, நான் புடிச்சேன்” என்பார். கண்ணில் நீர்கூட இருக்கும். எம்.ஜி.ஆர். அந்தத் தேர்தலில் ஆண்டிபட்டியில் நின்றார், ஜெயித்தார், எல்லாம் சரி. ஆனால் பிரசாரம் நடந்த நாட்களில் அவர் நியூயார்க்கில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். ஓட்டுப் போட்ட ஊர் பார்த்தது வீடியோவைத்தான். அங்கிருந்து வீசிய தொப்பி ஆண்டிபட்டியில் விழுந்திருந்தால் அதை விற்க வேண்டாம், கோயில் கட்டலாம்.

சின்னம் அச்சிட்ட துணித் தொப்பிகளுக்கு இப்படித் தேதி குறிக்கலாம். அண்ணா தி.மு.க. பிறந்தது 1972 அக்டோபர் 17. இரட்டை இலை வந்தது 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில். ஆகவே இலை இருந்தால் 1973-க்கு முன்பு போக வழியில்லை. பிறகு எழுத்தைப் பாருங்கள். ‘அண்ணா’வின் ணா பழைய சுழியோடும், ‘இலை’யின் லை துதிக்கை வைத்தும் அச்சாகியிருந்தால் நல்ல செய்தி. 1978-இல் எம்.ஜி.ஆர். அரசுதான் பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஆணை போட்டது. அதற்கு முந்திய அச்சாக இருக்கலாம். ‘இருக்கலாம்’தான். முதலமைச்சர் ஆணை போட்டதற்காகச் சின்ன ஊர் அச்சகக்காரர் பழைய எழுத்துகளைத் தூக்கி எறிந்துவிட மாட்டார்.

சேவல் அச்சிட்ட தொப்பி கண்ணில் பட்டால் பேரம் பேசாமல் வாங்குங்கள். எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24-இல் மறைந்து, கட்சி இரண்டாகி, இலை முடங்கி, 1989 தேர்தலில் ஜெயலலிதா அணிக்குக் கிடைத்தது சேவல். ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. சேவல் போடியில் ஜெயித்தது. ஜானகி ஆண்டிபட்டியில் நின்று தோற்றார். இரண்டு சின்னங்களும் அடுத்தடுத்த தொகுதிகளில் கூவி, பறந்து, சில வாரங்களில் காணாமல் போய்விட்டன. மறுபடி இலை. இரட்டைப் புறாத் தொப்பியை இன்றுவரை பத்திரமாக வைத்திருப்பவர் இருந்தால் அவர் தொப்பியைவிட அரிது. அவரையே சேகரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சேகரிப்பாளர் கனவு காண வேண்டிய தொப்பி ஒன்று உண்டு. அதில் சின்னம் எதுவும் அச்சிட்டிருக்காது. ஏனென்றால் தொப்பியே சின்னம். 2017 மார்ச் 22-இல் தேர்தல் ஆணையம் மறுபடி இரட்டை இலையை முடக்கியது. ஆர்.கே.நகர் இடைத்தேர்தலுக்கு, 1999-இல் பெரியகுளத்தின் எம்.பி. ஆன டி.டி.வி. தினகரனுக்குத் தொப்பி கிடைத்தது. பெரியகுளத்துக்காரரான ஓ. பன்னீர்செல்வம் அணிக்கு மின்கம்பம். ஒரே இரவில் வட சென்னை முழுக்கத் தொப்பி மயம். வேட்பாளர் தலையில், ரத்தத்தின் ரத்தங்கள் தலையில், பிரசாரத்துக்கு வந்த குழந்தைகள் தலையில், தொப்பி. தமிழ்நாட்டு வரலாற்றில் இத்தனை ஆண்கள் ஒரே நேரத்தில் ஒரே ஊரில் தொப்பி போட்டது அப்போதுதான் என்று நான் நினைக்கிறேன். ஏப்ரல் 9 இரவு பணப்பட்டுவாடாப் புகாரில் தேர்தலையே ரத்து செய்துவிட்டார்கள். டிசம்பரில் தேர்தல் மறுபடி வந்தபோது தினகரன் தொப்பிதான் கேட்டார். குக்கர் கொடுத்தார்கள். குக்கரோடு ஜெயித்தார்.

ஆக, இந்தத் தொப்பியின் ஆயுள் மூன்று வாரத்துக்கும் குறைவு. உலகத்தில் எந்தப் பழந்தொப்பி நிபுணரும் ஒரு தொப்பியைப் பார்த்து ‘1930-கள்’ என்பார், கெட்டிக்காரராக இருந்தால் ‘1934–36’ என்பார். நாம் வாரக்கணக்கில் சொல்லலாம். கஷ்டம் என்னவென்றால், சாதாரணத் தொப்பிக்கும் இதற்கும் பார்வைக்கு வித்தியாசம் கிடையாது. கொண்டுவந்தவர் அந்த மாதம் ஆர்.கே.நகரில் இருந்தாரா என்று விசாரிக்க வேண்டும். அவர் இல்லை என்பார். இருந்ததாகச் சொன்னால் வேறு கேள்விகள் வரும் என்று அவருக்குத் தெரியும்.

விலை, பாதுகாப்பு

விலை பேசும்போது ‘பழசு’ என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. மழை, ஏலக்காய் விலை, பெரியாற்று அணை நீர்மட்டம் என்று பேசிவிட்டு, போகிறபோக்கில், “இது எதுக்குண்ணே இங்க கிடக்கு?” என்று காலால் காட்டுங்கள். ஐம்பது ரூபாயில் முடியும். ஆசை கண்ணில் தெரிந்துவிட்டால் ஐயாயிரம். விற்பவர் தொப்பிக்குப் பக்கத்தில் நாலு அரிசியைப் போட்டு இழுக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினால் பேச்சை நிறுத்திவிட்டு வண்டியை எடுங்கள். இரிடியம் கலசத்தில் கைவைத்த கூட்டம் அது. அடுத்த காட்சியில் மும்பையிலிருந்து ஒரு ‘கம்பெனி ஆள்’ வருவார், நீங்கள் முன்பணம் கட்டுவீர்கள்.

வாங்கிய தொப்பியை விளிம்பில் நிற்கவைக்காதீர்கள். விளிம்பு வளைந்துவிடும். கவிழ்த்து, உச்சி கீழே இருக்கும்படி வையுங்கள். பீரோவுக்கு மேலே வைத்தால் பூனை குட்டி போடும். ஃபெல்ட் தொப்பிக்கு அந்துப்பூச்சி எமன். பாச்சை உருண்டை போதும். போடியில் இருக்கிறோமே என்று ஏலக்காய் போட்டுவைக்காதீர்கள், தொப்பியைவிட அதற்குக் காவல் வேண்டியிருக்கும். இன்னொன்று விளையாட்டில்லை. பழைய ஃபெல்ட்டைப் பதப்படுத்தப் பாதரச உப்பைப் பயன்படுத்தினார்கள். அந்த வேலை பார்த்தவர்கள் கைநடுங்கி, புத்தி பேதலித்துப் போனார்கள். அமெரிக்காவில் 1941-இல்தான் நிறுத்தினார்கள். தொட்டால் கையைக் கழுவுங்கள், குழந்தைகள் தலையில் வைத்து போட்டோ எடுக்காதீர்கள்.

நீங்களும் போட்டுக்கொள்ளாதீர்கள், அதற்குக் காரணம் பாதரசம் அல்ல. ஃபெல்ட் தொப்பியோடு தேனி பங்களாமேட்டில் நடந்தால், நூறு அடிக்குள் தெரிந்தவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, “என்ன மாப்ள, ஷூட்டிங்கா?” என்பார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. இந்த ஊரில் டைரக்டரைத் தவிர வேறு யாரும் தொப்பியோடு பட்டப்பகலில் திரிவதில்லை.

உண்மையில் உங்கள் சேகரிப்புக்கு வரப்போகிற ஒரே வாடிக்கையாளர் அவர்தான். வெள்ளைக்காரன் காலத்துக் கதை எடுக்கிற கம்பெனி மேகமலை, குமுளிப் பக்கம் லொகேஷன் பார்க்க வரும்போது ஆர்ட் டிபார்ட்மெண்ட் தம்பி ஒருவர் உங்கள் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார். வாடகைக்கு விடலாம். ஆனால் விடும் முன்பு எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது துப்பாக்கிச் சூட்டு ஓட்டையோடும் சிவப்புச் சாயத்தோடும் வரும், பத்து வருடம் கழித்து உங்கள் மகன் அதையே விடுதலைப் போராட்டத்தில் சுடப்பட்ட துரையின் தொப்பி என்று விற்பான். துரை வேஷக்காரரின் தலையை இஞ்ச் டேப் வைத்து அளந்துவிடுங்கள். 60 செ.மீ.யைத் தாண்டினால் தைரியமாக மாட்டேன் என்று சொல்லுங்கள். முன்பணம் முழுதாக வாங்குங்கள். “அடுத்த ஷெட்யூல்ல செட்டில் பண்ணிடுறோம் சார்” என்றால், தொப்பியும் அடுத்த ஷெட்யூலில்தான் பரணிலிருந்து இறங்கும் என்று சொல்லிவிடுங்கள்.